சுவர்க்கோழியும் நமது தூக்கமும்



பெரிய விஷயங்களைப் பற்றி எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் கடை வைத்துப் பிழைப்பவர். ஓதியது மதரஸாவில், படித்தது ஆரம்பப் பள்ளியில். ஆகவே ஒரு சிறு விஷயத்தைப் பற்றியே எழுதத் துணிகிறோம். இரவெல்லாம் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பூச்சியை, அதன் சத்தம் நமக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லலாமா? இதுதான் கேள்வி.

"இதுவும் ஒரு கேள்வியா? கொசுவை அடிக்கிறோம், கரப்பானை மிதிக்கிறோம், சுவர்க்கோழிக்கு மட்டும் என்ன சலுகை?" என்று சிலர் சிரிக்கக்கூடும். நாமும் அப்படித்தான் சிரித்தோம். பிறகு நடந்ததைச் சொல்கிறோம்.

நமது கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஒரு சிறு முற்றம். அங்கே காலிச் சாக்குகளும், உடைந்த பலகைகளும், துணி வந்த அட்டைப் பெட்டிகளும், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மாதக் கணக்கில் குவிந்து கிடந்தன. மழை பிடித்ததும் சுவர்க்கோழிகள் அங்கே குடியேறின. நம் ஊர்ப் பக்கம் சிலர் சில்வண்டு என்பார்கள். மலாய்க்காரர்கள் செங்கெரிக் என்கிறார்கள். மஃரிபுக்குப் பின் தொடங்கினால் சுபுஹு வரை ஓயாது.

கிட்டங்கியில் படுக்கும் நமது வேலையாள் வயதில் நம்மிலும் மூத்தவர். ஒரு நாள் காலையில் வந்து, "மொதலாளி, ராத்திரி கண்ணை மூட முடியலே" என்றார். "உழைக்கிற உடம்புக்குத் தூக்கம் தானா வரும், பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நமது படுக்கை மாடியில், தெருப்பக்கம். நமக்குச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சுவர்க்கோழி நமது மாடிப்படிக்கடியில் வந்து சேர்ந்தது. அன்றிரவு நமக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் மாலையே பூச்சிமருந்து வாங்கி வந்து, முற்றம் முழுவதும் ஒரு மூலை விடாமல் தெளித்தோம்.

இரவு அமைதியாகக் கழிந்தது. விடிந்ததும் பூச்சிகள் அங்கங்கே செத்துக் கிடந்தன. நாம் பெருக்கி அள்ளுவதற்குள், அடுத்த வீட்டு மலாய் அம்மையாரின் கோழிக்குஞ்சுகள் வேலிக்கடியில் நுழைந்து அவற்றைக் கொத்தித் தின்றன. மதியத்துக்குள் நான்கு குஞ்சுகள் சுருண்டு விழுந்தன. மருந்துதான் காரணம் என்று கோர்ட்டில் யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் நமது மனமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பணம் கொடுக்கப் போனோம். அந்த அம்மையார் வாங்கவில்லை. "தக் அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழி தோண்டப் போனார். கோபித்திருந்தால் நமக்கு இவ்வளவு பாரம் இருந்திராது.

நிற்க. நாம் கொன்ற பூச்சி எப்படிப்பட்டது என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். சுவர்க்கோழி வாயால் கத்துவதில்லை. முன்சிறகுகள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்புகிறது. ஆண் மட்டுமே பாடும். பெண்ணை அழைக்கவே பாடும். அதன் காதுகள் முன்னங்கால்களில் இருக்கின்றன. வெப்பம் கூடினால் பாட்டின் வேகமும் கூடும். இதை வைத்து, ஓசையை எண்ணி வெப்பத்தைக் கணக்கிட ஒரு சூத்திரத்தை அமெரிக்கப் பேராசிரியர் டால்பேர் 1897ல் வெளியிட்டார்.

அந்தப் பாட்டு அதற்கே ஆபத்தாகவும் முடியும். ஹவாய்த் தீவுகளில் ஒருவகை ஈ இருக்கிறது. அது பாட்டுக் கேட்கும் திசை பார்த்து வந்து, சுவர்க்கோழியின் மேல் தன் புழுக்களை விட்டுப் போகும். புழு உள்ளே புகுந்து தின்று கொன்றுவிடும். இதனால் காவாய் என்னும் தீவில், இருபது தலைமுறைக்குள்ளாகவே பெரும்பாலான ஆண் பூச்சிகள் பாட முடியாத சிறகோடு பிறக்கலாயின என்று 2006ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். உயிரைப் பணயம் வைத்து எழுப்பும் குரலை நாம் 'வெறும் சத்தம்' என்கிறோம். சீன தேசத்திலோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதே பூச்சியைக் கூண்டில் வைத்து, அதன் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து வருகிறார்கள். ஓசை ஒன்றுதான், ஒருவருக்கு இசை, ஒருவருக்கு உபத்திரவம். அப்படியானால் குற்றம் முழுவதையும் பூச்சியின் தலையிலேயே சுமத்துவது நியாயமாகுமா?

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசுவது வியாபாரிக்கு அழகல்ல. தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. சுவர்க்கோழி துணியைக் கடிக்கும், வியர்வையோ உணவோ பட்ட துணி என்றால் இன்னும் விரும்பிக் கடிக்கும், காகிதத்தையும் விடாது. ஜவுளிக் கடைக்காரர் அதைச் சரக்கறையில் விட்டுவைக்க முடியாது. தூக்கமும் சிறிய விஷயமல்ல. நோயாளிக்கும் உழைப்பாளிக்கும் அது மருந்து. ஆகவே மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தீங்கு வேறு; தொல்லை வேறு; வெறுப்பு வேறு. தீங்கைத் தடுப்பது கடமை. தொல்லையை நீக்குவது உரிமை. வெறுப்புக்காக உயிரை எடுப்பது இரண்டிலும் சேராது. நாம் அன்று மருந்து தெளித்தது சரக்கைக் காக்கவா, ஒரு இரவு இழந்த கோபத்திலா என்று நம்மையே கேட்டால், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாம் ஆலிம் அல்ல. பத்வா சொல்ல வரவில்லை. ஓதிய காலத்தில் கேட்ட ஒரு ஹதீஸ் மட்டும் நினைவுக்கு வருகிறது. முற்காலத்து நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்த ஒன்றுக்காக, இறைவனைத் துதிக்கும் ஒரு கூட்டத்தையே அழித்தீரே என்று அவருக்குக் கண்டனம் வந்தது. நம் மாடிப்படிக்கடியில் கத்தியதும் ஒன்றே ஒன்றுதான்.

கொசுவைச் சொல்லி வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொசு டிங்கிக் காய்ச்சலைப் பரப்புகிறது; அதை ஒழிப்பதில் இரு கருத்தில்லை. ஆனால் மலேசியாவில் 1975ல் வந்த நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் என்ன செய்கிறது? தண்ணீரைத் தேங்க விட்ட வீட்டுக்காரனிடம் அபராதம் வாங்குகிறது. பூச்சி வருவதற்கு இடம் கொடுத்தவன் முதலில் பொறுப்பாளி. நமது முற்றத்துக்கும் இதே நியாயந்தான். சாக்கைக் குவித்தது சுவர்க்கோழியா, நாமா?

மருந்தை அளவறியாமல் நம்பினால் வருவதையும் இந்தப் பக்கத்து மண்ணே கண்டிருக்கிறது. வட போர்னியோவில் மலேரியாவை ஒழிக்க வீடுகளுக்கு டி.டி.டி. தெளித்தபோது, ஓலைக் கூரையைத் தின்னும் புழுக்கள் பெருகிவிட்டன. அவற்றை அடக்கிவந்த சின்னஞ்சிறு பூச்சிகள் மருந்தில் மடிந்ததே காரணம். ஒன்றை அழிக்கப் போனால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. நமக்கு அது கோழிக்குஞ்சில் போய் நின்றது.

பிறகு செய்ததைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும். சாக்குகளையும் பலகைகளையும் அப்புறப்படுத்தினோம். ஈர மண்ணில்தான் அது முட்டையிடும் என்பதால், கசிந்துகொண்டிருந்த கால்வாயை அடைத்துச் செப்பனிட்டோம். வேலியோரப் புல்லை வெட்டினோம். பூச்சியை இழுக்கும் வெள்ளை விளக்கை மாற்றி மஞ்சள் விளக்குப் போட்டோம். கதவுக்கடி இடைவெளியை ரப்பர்ப் பட்டையால் மூடினோம். துணிக் கட்டுகளைத் தரையை விட்டு உயர்த்திப் பலகைமேல் அடுக்கினோம். இரவில் நனைந்த சாக்கு ஒன்றை விரித்து வைத்து, அதற்குள் ஒதுங்கியவற்றை விடியற்காலையில் புதரோரம் கொண்டுபோய் உதறினோம். சில நாட்களில் சத்தம் வெகுவாகக் குறைந்தது. இவ்வளவுக்கும் ஆன செலவு பெரிதல்ல. முதலிலேயே செய்திருக்கலாம், சோம்பல் விடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. வேலையாள் பாய் இரண்டு வாரம் பொறுத்தார்; நாம் ஓர் இரவு பொறுக்கவில்லை. அவர் காதில் விழுந்தபோது அது 'பூச்சிச் சத்தம்'. நம் காதில் விழுந்தபோது அது 'பெரிய தொல்லை'. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பவனை நாம் மோசக்காரன் என்கிறோம். அன்று நாம் வைத்திருந்த படி எது? அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். படுக்கையையும் மாடிக்கு மாற்றிக் கொடுத்தோம். "அதுக்கென்ன மொதலாளி" என்றார். ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஆகவே சகோதரர்களே, மருந்துப் புட்டியைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது தீங்கா, தொல்லையா, வெறும் வெறுப்பா? இதற்கு இடம் கொடுத்தது யார்? இதே சத்தம் நம்மிலும் எளியவர் காதில் விழுந்தபோது நாம் என்ன செய்தோம்? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்ன பிறகு எதைச் செய்தாலும் அதில் நியாயம் இருக்கும். அல்லாஹ் நம் அனைவருக்கும் சரியான அளவையைத் தந்தருள்வானாக!

வஸ்ஸலாம்.