தொட மறுத்த கை

எனக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. இடது கால் மட்டும் கூடுதலாக வீங்கி, கெண்டைச் சதையில் விடாமல் வலித்தது. "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும். எண்ணெய் போட்டு நீவிவிட்டாச் சரியாப் போயிரும்" என்று சொல்லி, உடம்பு தேய்த்துவிடும் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார் என் மாமியார். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். "சரிங்கத்தை" என்றேன்.

வந்தவர் அத்தையைவிட மூத்தவர். ஆனாலும் அத்தை அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்றார். அவர் அத்தையை 'அம்மா' என்றார். எங்கள் கொங்குப் பகுதிக் கிராமங்கள் பலவற்றில் பேறு பார்த்ததும், பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேய்த்துவிட்டதும் நாவிதர் சாதிப் பெண்கள்தான். நம் உடம்பைத் தொட அவர்களுடைய கை வேண்டும். நம் வீட்டுக்குள் சமமாக உட்கார அவர்கள் வேண்டாம்.

மல்லாக்கப் படுக்கப் போன என்னைத் தடுத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தார். புறங்கையால் இரு கால்களையும் தொட்டுப் பார்த்தார். "அம்மணி, இந்தக் கால் எப்பருந்து இப்படி இருக்குதுங்க?" நான்கு நாளாக என்றேன். அதுவரை யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

"இந்தக் காலு சுடுதுங்க. நான் தேய்க்க மாட்டேனுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கூலி சேத்தியே தர்றேன், சும்மா நீவிவிடு" என்றார் அத்தை. அவர் அசையவில்லை. சூடாக்கிய நல்லெண்ணெய் கிண்ணத்திலேயே ஆறியது. கூலியில்லாமல் திரும்பிப் போனார்.

அன்று மாலை டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது: இடது காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. கர்ப்பகாலத்தில் ரத்தம் எளிதில் உறையும். வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மெதுவாகவே மேலேறும். இடது காலில் இது அதிகம். அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிரும் போகலாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒப்புதல் இருந்தால் தொடலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது என்றுதான் பெண்ணியம் எனக்குக் கற்றுத் தந்தது. நான் 'சரி' என்றிருந்தேன். அந்தச் 'சரி'யை அவர் அப்படியே ஏற்றிருந்தால் நான் இன்று இதை எழுதாமல் போயிருக்கக்கூடும். அப்படியானால் என் உடம்பைப் பற்றி என்னைவிட அவர் முடிவெடுத்ததுதான் சரியா?

பிரசவ அறையில் இதற்கு விடை கிடைத்தது. அங்கே ஒரு கை, ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்குள் பரிசோதனை செய்தது. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். கை நிற்கவில்லை. அதுவும் என் நன்மைக்குத்தான் என்றார்கள். தேய்க்க வந்த அம்மாவும் என் நன்மைக்காகவே என் பேச்சை மீறினார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே, நான் வேண்டாம் என்ற பிறகும் கை என்மேல் இருந்தது. இங்கே, நான் சரி என்ற பிறகும் கை விலகிக்கொண்டது. அவர் தன் கையைப் பற்றித்தான் முடிவெடுத்தார். காரணத்தைச் சொல்லி, என் உடம்பை என்னிடமே விட்டார்.

என் 'சரி'யிலும் குறை இருந்தது. வலியைச் சொன்னால் 'பொறுக்கத் தெரியாதவள்' என்பார்களே என்ற பயம் கலந்த 'சரி' அது. பொறுமையைப் பெண்ணின் அழகாக்கிய ஊரில், கர்ப்பிணியின் மௌனம் ஒப்புதலாகிவிடுகிறது. நோயும் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

இன்று நகரங்களில் கர்ப்பகால மசாஜ் தனிச் சேவையாகவே கிடைக்கிறது. நல்ல கை முதுகுவலியைத் தணிக்கும், தூக்கம் தரும். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்காதீர்கள். கருப்பையின் எடை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றல் வரும். வயிற்றை அழுத்தவோ, கெண்டைக்காலை ஆழமாகப் பிசையவோ விடாதீர்கள். ரத்தப்போக்கு, காய்ச்சல், விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மசாஜ் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தேய்ப்பவர் இவற்றையெல்லாம் கேட்காமலே எண்ணெயை எடுத்தால் எழுந்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். தேய்ப்பவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் சுதந்திரம் அங்கே இருக்கிறதா? ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், முதலாளிக்குப் பயப்படுபவர் எப்படி மறுப்பார்? படுத்திருப்பவளும் தேய்ப்பவளும் ஆகிய இருவரில் ஒருத்திக்கு மறுக்க வழியில்லை என்றாலும் அந்த இடம் இருவருக்கும் பாதுகாப்பானதல்ல.

பிள்ளைக்கு மூன்று மாதமானதும் அவர் வீட்டுக்குப் போய் அன்றைய கூலியை நீட்டினேன். "தேய்க்காததுக்குக் கூலியா அம்மணி?" என்று சிரித்தார். பார்த்ததற்கு, என்றேன். என்னை உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்தார். பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "தூக்கட்டுங்களா?"