மவுன வலயத்தில் கேட்கும் குரல்

காணப்படாத ஒரு காரணத்தை அதன் விளைவை மட்டும் கொண்டு எவ்வளவு தூரம் அறியலாம் என்பது, இந்திய அளவையியல், அதாவது அறிவு எவ்வழியில் பிறக்கிறது, எவ்வழியில் பிறந்த அறிவை ஏற்கலாம் என்று ஆராயும் துறை, பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்த கேள்வியாகும். புகையும் நெருப்பும், குடமும் வெறுந்தரையும் அந்த வாதத்தின் வழக்கமான எடுத்துக்காட்டுகள். உரிமம் பெற்றுத் தன்னார்வத்தால் இயங்கும் அமெச்சூர் வானொலியாளர்களின் சிற்றலை அனுபவம் இவற்றினும் கூர்மையான ஒன்றைத் தருகிறது: பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும் நிலையம் 150 கிலோமீட்டரில் கேட்பதில்லை, கேட்கக் கூடாத அந்த அண்மையிலும் சில வேளைகளில் மெலிதாகக் கேட்டுவிடுகிறது.

கேளாமையின் காரணம் எளிது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகளில் நிலத்தை ஒட்டிச் செல்லும் தரையலை, 14 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஆகும்போது, சில பத்துக் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடுகிறது. மேல்நோக்கிச் செல்லும் வானலையோ, கதிரவனின் கதிர்களால் எலக்ட்ரான்கள் பிரிந்து மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. ஆனால் அதிர்வெண் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், சாய்வாகச் செல்லும் அலை மட்டுமே திரும்ப, செங்குத்தை நெருங்கிச் செல்வது மண்டலத்தைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடுகிறது. சாய்ந்து சென்றது தொலைவில்தான் இறங்கும் என்பதால், தரையலை முடியும் எல்லைக்கும் வானலை முதன்முதலாக இறங்கும் எல்லைக்கும் நடுவே நிலையத்தைச் சூழ்ந்து ஒரு வளையம் அமைகிறது. இதுவே மவுன வலயம். 28 மெகாஹெர்ட்ஸில் இது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் விரியக்கூடும்.

இந்த விளக்கம் நிற்பதற்கு ஆதாரமான அயனி மண்டலம் தொடக்கத்தில் யாரும் கண்ட பொருள் அன்று. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, நேராகச் செல்ல வேண்டிய அலை பூமியின் வளைவைச் சுற்றி வந்தது எப்படி என்ற பொருந்தாமை எழ, 1902இல் ஆர்தர் கென்னலியும் ஆலிவர் ஹெவிசைடும் மேலே மின்கடத்தும் படலம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தனித்தனியே கொண்டார்கள். வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர் இத்தகைய அறிவை அருத்தாபத்தி என்பர்: ஐயமின்றி அறிந்த இரு செய்திகள் ஒன்றோடொன்று முரணும்போது, அம்முரணைத் தீர்க்கும் மூன்றாவது ஒன்றைக் கொள்ளுதல். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் அவன் இரவில் உண்கிறான் என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 27ஆம் காதை அருத்தாபத்தியை அளவைகளின், அதாவது அறிவு பிறக்கும் வழிகளின், வரிசையில் வைக்கிறது. நியாயம் என்னும் தருக்க மரபைச் சேர்ந்த நியாயவாதிகள் அதைத் தனி அளவையாக ஏற்காமல் கருதலுக்குள், அதாவது அனுமானத்துக்குள், அடக்குகின்றனர். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அதைப் பொருள் என்ற பெயரால் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் எல்லா அளவைகளையும் அடக்கிவிடுகிறது.

இந்தச் சிக்கனம் சரிதானா என்பதற்கு மவுன வலயம் ஒரு சோதனைக்களம். 1926இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த டெய்லரும் ஹல்பர்ட்டும், குறிகள் நடுவில் மறைந்து அப்பால் மீண்டும் தோன்றும் தூரங்களைக் கொண்டே படலத்தின் தன்மையைக் கணித்தபோது, ஒன்று கேட்காமையையே சான்றாக்கினார்கள். இன்மையை அறிவது தனி அளவை என்ற மீமாம்சகர் குமாரில பட்டரின் மரபு இதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: இருந்திருந்தால் உணரப்பட்டிருக்கும் என்ற தகுதி உள்ள பொருளின் இன்மையையே உணராமையால் அறியலாம். குடம் தரையில் இல்லை என்று கண்ணால் தீர்மானிக்கலாம். கண்ணுக்குப் புலப்படாதது என்று கொள்ளப்படும் பேய் தூணில் இல்லை என்று கண்ணால் தீர்மானிக்க இயலாது. இரைச்சலைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலுக் குறைந்த குறியையும் படித்தெடுக்கும் எஃப்டி8 என்ற கணினிவழி முறை 2017இல் வந்த பின், செவியால் கேட்டுத் தீர்மானித்த மவுனங்கள் பல அந்தத் தகுதியை இழந்துவிட்டன. மவுன வலயம் என்பது நிலத்தில் உள்ள இடமா, கேட்பவரின் ஆற்றலைப் பொறுத்த எல்லையா என்றால், இரண்டாவது விடைக்கே இடம் மிகுதி. குமாரிலர் மரபின் இந்த நிபந்தனை இயற்பியலாளர் கையில் கிடைத்திருந்தால் அவர்களும் மறுத்திருக்க மாட்டார்கள்.

இனி, வலயத்துக்குள் கேட்கும் குரல். தரையலை எட்டாது, வானலை இறங்காது, ஆயினும் குரல் கேட்கிறது என்றால், வேறொரு வழி இருக்க வேண்டும் என்று கொள்ளாமல் இருக்க முடியாது. இது தூய அருத்தாபத்தி. ஆனால் அது எந்த வழி என்பதில் அருத்தாபத்தி வாய் திறப்பதில்லை. தேவதத்தனுக்குப் பகல், இரவு என்று இரண்டே வாய்ப்புகள் இருந்ததால் மீமாம்சகருக்கு இக்குறை தெரியவில்லை போலும். வானொலியில் வாய்ப்புகள் பல. தொலைவில் இறங்கிய அலை கரடுமுரடான நிலத்திலும் கடற்பரப்பிலும் பட்டுச் சிதற, அதன் சிறு பகுதி வந்த வழியே மேலேறி வலயத்துக்குள் திரும்புவது பின்சிதறல். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் சில மணி நேரமே நீடிக்கும் அடர்ந்த மின்னேற்றத் திட்டுகள் செங்குத்துக்கு நெருங்கிய அலையையும் திருப்பிவிட, வலயமே சுருங்குவது இன்னொரு வழி.

எது நேர்ந்தது என்பதைப் பிரித்தறியக் கருதல் தேவை. கருதலுக்கு ஏது, அதாவது அடையாளம், தேவை. பின்சிதறலுக்கு அத்தகைய அடையாளம் வியப்பானது: இருவரும் தத்தம் திசை ஆண்டெனாவை ஒருவரை நோக்கி ஒருவர் திருப்பினால் குரல் தேய்ந்து, இருவரும் அலை இறங்கும் ஒரே தொலைநிலத்தை நோக்கித் திருப்பும்போது வலுக்கிறது. அந்த இடம் 2,000 கிலோமீட்டர் அப்பால் என்றால், அண்டை ஊர்க் குரல் 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, 13 மில்லிநொடிக்குச் சற்று மேலான தாமதத்துடன் வருகிறது. பல இடங்களிலிருந்து சிதறியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், உள்ளீடற்ற குழாய்க்குள் பேசுவது போன்ற கலங்கல் குரலுக்கு ஏற்படுகிறது. மின்னேற்றத் திட்டு திருப்பியதாயின் குரல் வலுவாகவும் தெளிவாகவும் வரும், ஆண்டெனாவை விலக்கித் திருப்ப வேண்டியதில்லை.

ஆகவே வழி ஒன்று உண்டு என்பதும் அது இன்ன வழி என்பதும் இருவேறு அளவைகளால் கிடைப்பவை. முன்னதையும் அனுமானமே என்று அடக்குவோர், இதுவரை எங்கும் நெருப்போடு சேர்த்துக் காணாத புகையை எவ்வாறு ஏதுவாக்கினர் என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள். வழியின்றி அலை வாராது என்ற பொது உடன்நிகழ்ச்சியே போதும் என்று நியாயவாதி விடை சொல்லலாம். ஆனால் அப்பொது விதி, வழக்கமான இரு வழிகளும் அடைபட்டன என்ற முரணை ஒருவர் உணராதவரை எந்தப் புதிய வழியையும் தேடத் தூண்டுவதில்லை. தேடலைத் தொடங்கி வைப்பது முரணே என்பதில் மீமாம்சகர் பக்கமே நியாயம் இருக்கிறது.

சித்தியாரின் மூன்று அளவைகளும் இதில் தத்தம் பங்கை இழப்பதில்லை. காண்டலுக்குக் கிடைப்பது செவியில் விழும் ஒலி மட்டுமே. பேசுபவர் யார், எந்த ஊரினர் என்பது அவர் சொல்லும் அழைப்புக்குறியாலும் ஊர்ப்பெயராலும், அதாவது உரையால், அறியப்படுகிறது. குரல் வந்த வழி கருதலுக்கு உரியது. இருவரிடமும் திசை காட்டாத வெறும் கம்பி ஆண்டெனாவே இருந்து, அதிர்வெண் 14 மெகாஹெர்ட்ஸாக இருந்து, குரல் தெளிவுக்கும் கலங்கலுக்கும் நடுவில் நின்றால், பின்சிதறலா மின்னேற்றத் திட்டா என்று தீர்மானிக்கும் ஏது எதுவும் இல்லாமற் போகிறது. அப்போது பேசியவர் யார் என்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் நிச்சயமாகத் தெரிந்திருக்க, அவர் குரல் எத்தனை கிலோமீட்டர் கடந்து வந்தது என்பது மட்டும் தெரியாமலே அந்த உரையாடல் பதிவேட்டில் ஏறுகிறது.