யாத்திரை வழியும் திருவீதியே

கதிர்காமத் திருவிழாவுக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அடியார்கள் பாதயாத்திரை செல்கின்றனர். உகந்தை முருகனை வணங்கியபின் குமண, யால தேசிய வனங்களினூடாக அவர்கள் நடக்கின்றனர். வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட இக்காட்டுப்பாதை திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கு மாத்திரமே யாத்திரிகர்களுக்குத் திறக்கப்படுகின்றது. அவர்கள் சென்றபின் தண்ணீர்ப் போத்தல்களும் சொப்பிங் பைகளும் பிஸ்கட் உறைகளும் அங்கே எஞ்சிக் கிடப்பதுண்டு.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவைக்கும் அதே அடியார், காட்டிலே குப்பையை வீசுவது ஏன்? பக்திக் குறைவு இதற்குக் காரணமன்று. மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களே காரணம்.

“என்னுடையது ஒன்றுதானே” என்பது முதலாவது சமாதானம். ஆயிரம் பேரும் அவ்வாறே எண்ணினால் ஆயிரம் பைகள் சேர்ந்துவிடும். “காட்டுக்கு உரிமையாளர் யார்? திணைக்களத்தார் துப்புரவு செய்வார்கள்” என்பது இரண்டாவது. “விரதமிருந்து நடக்கின்றேன், இச்சிறு பிழை என்ன செய்யும்?” என்பது மூன்றாவது. புண்ணியத்தைக் காட்டிப் பிழைக்கு அனுமதி பெறும் இந்த எண்ணமே மிகவும் ஆபத்தானது.

நான்காவது, பிறரைப் பார்த்து நடத்தல். அமெரிக்க உளவியலாளர் றொபேட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1990 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தவர்களுள், துப்புரவான இடத்தில் நின்றவர்களைவிடக் குப்பை நிறைந்த இடத்தில் நின்றவர்களே அதனை அதிகமாகக் கீழே போட்டனர். கிடக்கும் குப்பை, “இங்கே போடலாம்” என்று சொல்லாமற் சொல்கின்றது.

அறியாமற் செய்த பிழைக்கும் விளைவு உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்ட யானைகள் மாண்ட செய்தி 2022 இல் உலகெங்கும் பரவியது. பையை வீசியவர் நல்லவரா தீயவரா என்று யானையின் வயிறு அறியாது. எண்ணம் தூய்மையாக இருந்தாலும் செயலின் பயனை அவ்வாயில்லாச் சீவனே அனுபவிக்கின்றது.

பரிகாரம் கடினமானதன்று. கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவருதல் முதற்கடமை. வழியில் கிடப்பதில் ஒன்றையேனும் எடுத்துவருதல் அதனிலும் மேலான தொண்டு. கிடக்கும் குப்பை அடுத்தவரையும் போடத் தூண்டுமாயின், அதனை அகற்றுபவர் பின்னால் வருவோரின் பிழையையும் தடுப்பவராகின்றார். அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் நடத்துவோர் பொலித்தீனைத் தவிர்ப்பதும் அத்தகையதே.

உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசர் கோயில் வீதிகளைத் துப்புரவு செய்வதையே தொண்டாகக் கொண்டார். கந்தனின் சந்நிதியை நாடிச் செல்லும் காட்டுவழியும் அவன் திருவீதியே. அதனைத் தூய்மையாக விட்டுச்செல்பவரின் யாத்திரையே முழுமை பெறும்.