பேர் மகளுக்கு, வாடகை வாப்பாவுக்கு

நற்பிட்டிமுனையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிநாட்டுக் காசு முதலில் வீடாகிறது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாத மண் இது. கட்டாருக்கும் சவூதிக்கும் போன வாப்பாமாரின், காக்காமாரின் இளமை அந்தச் சுவர்களுக்குள்தான் பூசப்பட்டிருக்கிறது. வீடு முடிந்து காசு மிஞ்சினால் அடுத்தது கல்முனை பசாரில் ஒரு கடை. கடையை வாடகைக்கு விட்டதும் ஒரு கேள்வி பிறக்கிறது: பல வருடமாக டோஹாவில் இருப்பவர் கல்முனைக் கடை வாடகைக்கு இலங்கையில் வரி கட்ட வேண்டுமா?

"நான் வெளிநாட்டுல இரிக்கன், எனக்கென்ன இஞ்ச வரி" என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, இங்கே வதியாதவர் அங்கே உழைக்கும் சம்பளத்தில் இலங்கை கை வைப்பதில்லை. ஆனால் இலங்கைக்குள் விளையும் வருமானத்துக்கு, ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் வரி உண்டு. கடை கல்முனையில் நிற்கிறது. வாடகையும் அங்கேதான் விளைகிறது.

சம்பளத்துக்கு வரி கேட்காததைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுப் பணிக்குப் போன உம்மா அனுப்பும் காசு இங்கே சீமெந்தாக மாறும்போது பெறுமதி சேர் வரியும் சுங்கத் தீர்வையும் கேட்காமலே போய்விடுகின்றன. அதற்கு மேலும் அவள் கொடுத்திருக்கிறாள். 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் மத்திய வங்கி டொலரை ஏறக்குறைய 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. மார்ச்சில் பிடி விட்டதும் மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. வங்கியால் அனுப்பியவருக்கு பெப்ரவரியில் ஆயிரம் டொலருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம். பொறுத்திருந்து அனுப்பியவருக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல். அந்த வித்தியாசம் எந்தச் சட்டமும் இல்லாமல் அறவிட்ட வரி. செலுத்தியவர்கள் பெரும்பாலும் நாட்டின் மிக எளிய தொழிலாளர்கள். வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரன் கூடுதலாகத் தந்தான், சனம் அங்கே போனது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022இல் 3.8 பில்லியனாகச் சரிந்தது. காஸ் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் அந்தச் சரிவோடு சேர்ந்தே வந்தன என்பது உண்மைதான். அதற்காக அவர்களை நாட்டுக்குத் துரோகம் செய்தவர்கள் என்று மேடையில் ஏசியது அநியாயம். விலையைப் பொய்யாக வைத்தவனே பொய்க்கு முதல் பொறுப்பாளி.

ஆனால் கடைச் சொந்தக்காரர் அந்த உம்மாவின் கண்ணீரைத் தன் கணக்கில் காட்ட முடியாது. அவர் செய்வது வேறு வேலை. உறுதியை மகளின் பேருக்கு எழுதுகிறார். மனைவிக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி விலக்கு இருப்பதால் எவருடைய கணக்கும் எல்லையைத் தாண்டுவதில்லை. மகளுக்குச் சொத்து எழுதுவது இந்த மண்ணின் மரபு. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது ஒன்றே: வாடகை யார் கையில் போகிறது? வாடகைக்காரரை மாற்றுவதும், முற்பணம் வாங்குவதும், கடையை விற்கப் பேரம் பேசுவதும் யார்?

இதற்கு விடை தேட வரி ஆலோசகரிடம் போகத் தேவையில்லை. ஊர்ப் பள்ளிவாசல் மௌலவியே போதும். ஹிபா எனும் அன்பளிப்பு செல்லுபடியாக, கொடுக்கிறேன் என்ற சொல்லும் ஏற்கிறேன் என்ற சொல்லும் போதாது, பொருள் கைமாற வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டத்தின் பழைய நிபந்தனை. சாவி வாப்பாவின் இடுப்பில் இருக்கும்வரை கடை மகளுடையது ஆகவில்லை. றமழானில் அதே மனிதர் ஸகாத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது அந்த வாடகைச் சேமிப்பைத் தன்னுடையதாகவே எண்ணிக் கொடுக்கிறார், ஏனென்றால் அல்லாஹ்வை ஏமாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். இறைவரித் திணைக்களத்துக்கு மட்டும் அது பிள்ளையின் சொத்து.

இந்தத் தந்திரம் புதியதும் அல்ல. ஆண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில் செல்வத்தை மனைவி பேருக்கு மாற்றி ஸகாத்திலிருந்து நழுவலாமா என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இத்தகைய தந்திரங்கள், அதாவது 'ஹியல்', பற்றியே தனி அத்தியாயம் உண்டு. நாட்களை எண்ணி வதிவாளர் ஆகாமல் தப்பும் வரித் திட்டமும் அதே குடும்பம்தான். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 183 நாள் இங்கே தங்கினால் வதிவாளர் என்கிறது சட்டம். பிள்ளை குட்டி, வீடு, வியாபாரம் எல்லாம் இங்கே இருக்க, எண்ணி 180ஆம் நாள் டிக்கட் போடுகிறவர் சட்டத்தின் ஓர் எழுத்தை மட்டும் பார்க்கிறார். நாள் கணக்குக்கு முன்பே அதே சட்டம் 'இலங்கையில் வசிப்பவர்' என்றும் ஒரு வகையைச் சொல்லியிருப்பதை மறந்துவிடுகிறார். எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாமல் மிதக்கும் வசதியானவர்களைப் பிடிக்கத்தான் இந்தியா 2020இல் தன் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தியது. வந்த வேலை முடிந்து உண்மையாகவே திரும்பிப் போகிறவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர் 180ஆம் நாள் போனாலும் குற்றமில்லை.

"கட்டின வரியில என்ன செய்தாங்க?" என்ற கேள்வி இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக்கினார்கள். வருமான வரி விலக்கு எல்லையை 30 லட்சமாக உயர்த்தினார்கள். கஜானா காலியானது. பிறகு அதே பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதத்தில் நின்றது. வசதியானவரிடம் நேராக வாங்காத வரி கடைசியில் சவர்க்காரக் கட்டியில் ஏறி, கரைவலை இழுப்பவர் வீட்டிலும் வந்து விழுகிறது. ஸகாத் கொடுக்கிறோமே, அது போதாதா என்போருக்கும் பதில் உண்டு. ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் தாதிக்குச் சம்பளம் அதில் வராது. கடைச் சொந்தக்காரருடைய உம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் காசில்லாமல் பார்ப்பது அந்த வைத்தியசாலைதான்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மூன்று கடை, ஒவ்வொன்றும் மாதம் 75,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 27 லட்சம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு 18 லட்சம். வெளிநாட்டில் வதிந்தாலும் இலங்கைப் பிரசைக்கு அது உண்டு. வேறு கழிவு எதையும் சேர்க்காமல் பார்த்தால், மீதி 9 லட்சத்துக்கு 6 வீதம், 54,000 ரூபா. அதே 27 லட்சம் செலவாகாமல் ஒரு வருடம் கையில் இருந்தால் ஸகாத் இரண்டரை வீதம், 67,500 ரூபா. அதை யாரும் கேட்காமலே கொடுத்துவிடுவார். 54,000 ரூபாய்க்காகவா மூன்று பேரில் உறுதி எழுதி, நொத்தாரிசுக்கும் முத்திரைத் தீர்வைக்கும் அழுது, நாளைக்குப் பிள்ளைகளுக்குள் யாருடைய கடை என்ற வழக்கையும் விதைப்பது? மகளுக்கே கொடுக்க மனமிருந்தால் சாவியையும் சேர்த்துக் கொடுக்கலாம், வாடகையும் அவள் கைக்குப் போகட்டும். மனமில்லையென்றால் கடை தன்னுடையது என்று எழுதிக் கட்டிவிடலாம்.