எடுத்துக்கொடுக்க ஓர் ஆள்

சுற்றுலா போய்வந்த தம்பதி ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டால், போகிறவர்களுக்கு மனதுக்குள் ஒரு சின்னப் பயம் இருக்கும். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுவதற்குள் செல்போனை டிவியோடு இணைத்துவிடுவார்கள். பனி. பனியில் அவர். பனியில் அவர் மனைவி. யாரோ முகம் தெரியாத ஒருவரைக் கெஞ்சி எடுக்கச் சொன்ன, இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற பனி. ஓட்டல் ஜன்னல் வழியே மறுபடியும் பனி. பார்க்கிறவர்கள் முதலில் "அடேயப்பா" என்பார்கள், பிறகு "ம்" என்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர் "நாளைக்குக் காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்" என்று பையைத் தேடுவார்.

இதற்குப் பொறாமைதான் காரணம் என்று படம் காட்டியவர்கள் பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு. அது பாதிகூட உண்மையில்லை.

கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு நான்கு பேராக ஆட்களைப் பிரித்து, மூன்று பேருக்குச் சுமாரான ஒரு காணொளியையும், ஒருவருக்கு மட்டும் அருமையான ஒன்றையும் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் நால்வரையும் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். நல்லதைப் பார்த்தவர்தான் அந்தப் பேச்சின் கதாநாயகர் ஆவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. மற்ற மூவருக்கும் நடுவில் அவர் ஒதுக்கப்பட்டவர்போல் ஆகிவிட்டார். 2017-ல் இதே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைச் சொன்னால்தான் அவர்கள் அதிகம் ரசிக்கிறார்கள், தெரியாத விஷயம் என்றால் ரசிப்பு குறைந்துவிடுகிறது. கதை சொல்பவர் எப்போதும் ஏகப்பட்ட இடைவெளி விட்டுத்தான் சொல்கிறார். தெரிந்த கதையில் அந்த இடைவெளிகளைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். தெரியாத கதையில் அவரால் அது முடிவதில்லை.

ஆக, ஐஸ்லாந்து எரிமலையைவிட ஊட்டி மலை ரயில் நண்பர்கள் கூட்டத்தில் நன்றாக எடுபடும். "கல்லாறு தாண்டினதும் பல் சக்கரத்துல ஏறுமே…" என்று ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் குறுக்கே வருவார்கள். குன்னூரில் வாங்கிய வர்க்கி நமுத்துப்போன கதை ஒருவரிடம் இருக்கும். டிக்கெட் கிடைக்காமல் பஸ்ஸில் திரும்பிய கதை இன்னொருவரிடம். ஐஸ்லாந்துக் கதையில் குறுக்கே வர யாரிடமும் ஒன்றுமில்லை.

குறுக்கே வரவே முடியாத ஒரு வடிவத்தை மேற்கத்திய நாட்டுத் தம்பதிகள் ரொம்ப காலமாகக் கையாண்டு வருகிறார்கள். அதுதான் கிறிஸ்துமஸ் கடிதம். அதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1840-ல் பென்னி தபால் வந்து கடிதச் செலவு மலிவானதும் நண்பர்கள் எழுதித் தள்ள ஆரம்பித்தார்கள். அந்தத் தபால் சீர்திருத்தத்துக்கே உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல், தனக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், 1843-ல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி அட்டையாக அச்சடித்தார். பெயர் எழுத மட்டும் ஓர் இடம் காலியாக விட்டிருந்தது. படத்தில் ஒரு குடும்பம் கொண்டாட்டமாக ஒயின் கோப்பையை உயர்த்துகிறது. ஒரு குழந்தையின் வாயிலும் கோப்பை இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நண்பர்களுக்குச் சொல்ல நேரமில்லை, ஆனால் சொன்னதுபோலவும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அன்றைக்கே பிறந்துவிட்டது.

பிறகு 1960-களில் ஜெராக்ஸ் இயந்திரம் அலுவலகங்களுக்குள் வந்தது. அட்டை இரண்டு பக்கக் கடிதமாக நீண்டது. வருடம் முழுவதும் நடந்ததை டிசம்பரில் ஒரே மூச்சில் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, தெரிந்தவர் எல்லோருக்கும் அனுப்புவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. வாங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்கள். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் சைமன் ஹோகார்ட் அந்தக் கடிதங்களை அனுப்பித் தரும்படி வாசகர்களிடம் கேட்டார். மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றில் பொறுக்கி 2004-ல் ஒரு புத்தகமே போட்டார். ஃபிரிட்ஜைத் திறக்கத் தெரிந்த பூனை என்பது அதன் தலைப்பு. அப்படி ஒரு பூனை வளர்ந்த வீட்டின் பெருமை நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் பேராசிரியரான ஆன் பர்னெட் இதே கடிதங்களைப் பல பத்தாண்டு வரிசையில் சேர்த்து ஆராய்ந்தார். பழைய கடிதங்களில் பண்டிகை வாழ்த்தும் கடவுள் பேரும் அதிகம். வர வர அந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டதாம்: "ஓய்வே இல்லை, ஓட்டமான ஓட்டம்." நம்மூரிலும் யாரை விசாரித்தாலும் இதுதானே பதிலாக வருகிறது?

இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லோரும் தற்பெருமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்பால் எழுதியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். குறை எங்கே என்றால், கடிதம் முழுக்க "நாங்கள், நாங்கள்" என்றே போகிறது. நாங்கள் போனோம், நாங்கள் ரசித்தோம், எங்களுக்குப் பிடித்திருந்தது. எந்தத் தம்பதி அப்படி ஒரே குரலில் ஊர் சுற்றியிருக்கிறார்கள்? ஒருவருக்கு மலை பிடித்திருக்கும், மற்றவருக்கு முழங்கால் வலித்திருக்கும். கணவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி கழிப்பறை தேடி அலைந்திருப்பார். கடிதத்தில் அந்த இரண்டாவது குரல் அமுங்கிப்போகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதேதான்.

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீலியா ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் ரொம்பப் பொருத்தம். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த 12 முதிய தம்பதியரை முதலில் தனித்தனியாகவும், பிறகு சேர்த்து உட்காரவைத்தும் பழைய விஷயங்களை நினைவுகூரச் சொன்னார்கள். ஒரு தம்பதி தேனிலவின்போது பார்த்த மேடை நிகழ்ச்சியின் பெயரைத் தேடுகிறார்கள். மனைவிக்குப் பெயர் தெரியவில்லை. கணவருக்கும் தெரியவில்லை, இசை நாடகம் என்பதுகூடச் சந்தேகம். மனைவிக்கு ஒரு நடிகர் பெயர் மட்டும் ஞாபகம் வருகிறது, ஜான் ஹேன்சன். அதைக் கேட்டதும் கணவரிடமிருந்து நாடகத்தின் பெயர் வந்து விழுகிறது: ‘தி டெசர்ட் சாங்’. இருவரில் ஒருவரிடம்கூட முழுதாக இல்லாத ஒன்று இருவருக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

எல்லாத் தம்பதிக்கும் இது வாய்க்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. எப்படி நினைவுகூர்வது என்பதிலேயே முட்டிக்கொண்டவர்கள் தனியாகச் சொன்னதைவிடக் குறைவாகவே சொன்னார்கள். ஒருவருக்கு ஒருவர் நூல் பிடித்துக் கொடுத்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். நம் வீடுகளில் இதைத் தினம் பார்க்கலாம். "செவ்வாய்க்கிழமையா? புதன்கிழமை!" என்று வெட்டுவது ஒரு வகை. "அந்த மழைக்கு முந்தின நாள்தானே, சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுப்பது வேறு வகை. முதல் வகையில் பேச்சு அங்கேயே நின்றுபோகும். பல விருந்துகள் அப்படிக் கெட்டிருக்கின்றன.

நம்மூரில் பயணம் போய்வந்ததைச் சொல்வதற்கென்றே வழிவழியாக ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. காசி யாத்திரை முடித்துத் திரும்பிய தம்பதி, உறவையும் நட்பையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். வந்தவர்களுக்கு மூடிய கங்கைச் சொம்பு, கருப்புக் காசிக் கயிறு. அங்கே யாரும் புகைப்படம் பார்க்க வருவதில்லை. பந்தியில் உட்காரும்போதே முதல் கேள்வி வந்துவிடும்: "எந்தக் காயை விட்டுட்டு வந்தீங்க?"

யாத்திரையின் நடுவே கயாவில், பிடித்த ஒரு காய், ஒரு பழம் என்று விட்டுவிட்டு வருவது வழக்கம். இதில் நடக்கிற தில்லுமுல்லு ஊருக்கே தெரியும். பாகற்காயைக் கண்டாலே ஓடுகிறவர் பாகற்காயைத் துறந்துவிட்டு வந்திருப்பார். மனைவி போட்டுக்கொடுப்பார். நண்பர்கள் தலைமுறைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பிரயாகையில் வேணி தானம் என்று ஒரு சடங்கு உண்டு. கணவன் தன் கையால் மனைவிக்குத் தலை பின்னிவிட்டு, நுனி முடியைக் கொஞ்சம் கத்தரித்துத் திரிவேணி சங்கமத்தில் விட வேண்டும். அறுபதைத் தாண்டிய ஓர் அரசு ஊழியர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சீப்பும் கையுமாகத் திணறியதைச் சொல்லும்போது கூடத்தில் இப்படித்தான் ஓடும்:

"வாத்தியார் சீப்பைக் கையில குடுத்துட்டார். எனக்கு என்ன தெரியும்?"

"மூணா பிரிக்கச் சொன்னாரா, இவர் ரெண்டா பிரிச்சு முடிச்சுப் போடறார். சொல்லுங்க, அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் என்ன, பக்கத்துப் படகு அம்மா சொல்லிக்குடுத்தாங்க."

"டேய், என்.சி.சி. கேம்ப்ல கூடாரக் கயிறே உனக்கு நான்தானேடா கட்டிவிட்டேன்" என்று வாசல்பக்கமிருந்து ஒரு குரல் வரும்.

அந்த மூன்றாவது குரல் இல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான். கணவரின் கைக்கு முடிச்சு வராது என்பது மனைவிக்குப் பிரயாகையில் தெரிந்தது. நண்பருக்கோ அது கல்லூரி நாளிலிருந்தே தெரியும்.

இந்தியாவில் ஊர் சுற்றிய தம்பதி என்றாலே நினைவுக்கு வருகிறவர்கள் கொச்சியின் விஜயனும் மோகனாவும். கடவந்திராவில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ என்ற சின்னத் தேநீர்க் கடை. கடை வருமானத்தில் தினமும் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள். போதாததற்கு வங்கிக் கடன். போய்வந்து, வருடக்கணக்கில் உழைத்துக் கடனை அடைத்து, மறுபடியும் கடன் வாங்கிக் கிளம்புவார்கள். இப்படி 26 நாடுகள். 2018-ல் ஹரி எம். மோகனன் அவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்த பிறகு நாடே அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

கடன் வாங்கி உலகம் சுற்றலாமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது கடையின் சுவர். பயணப் படங்களை அங்கே மாட்டிவைத்திருந்தார்கள். டிவியில் ஓடும் படத்துக்கும் சுவரில் இருக்கும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சுவர்ப் படம் யாரையும் பார்க்கச் சொல்லிப் பிடித்துவைப்பதில்லை. தேநீருக்குக் காத்திருக்கிறவர் தலைதூக்கிப் பார்த்து, கேட்கத் தோன்றினால் கேட்கலாம். தேநீர் ஆற்றுகிறவரும் அடுக்களையில் இருப்பவரும் ஒரே இடத்தில் இருந்த கடை அது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுக்க நாலடி தூரம்தான். அந்த ஐரோப்பா, அந்த எகிப்து எல்லாம் தினசரி வாடிக்கையாளர்களுக்குப் பழகிய ஊர்கள் ஆகிவிட்டிருக்க வேண்டும்.

2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 19 அன்று, விஜயன் 71 வயதில் காலமானார். சேர்ந்து சொல்லிப் பழகிய கதைகளை ஒருவர் தனியாகச் சொல்ல நேரும்போது, அதை முன்பு பத்து முறை கேட்டவர்கள்தான் கை கொடுப்பார்கள். "அண்ணன் அந்த ஏர்போர்ட்ல என்ன சொன்னாருன்னு சொல்வீங்களே…" என்று ஆரம்பித்துவைக்க ஆள் வேண்டும். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டு அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்குத் தாங்கள் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிவதில்லை.

அந்த வேலையின் இன்னொரு பக்கத்தை அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்லாட்சர் 2010-ல் காட்டினார். ஒன்றையொன்று முன்பின் தெரியாத காதல் ஜோடிகளை இரண்டிரண்டு ஜோடியாக 45 நிமிடம் பேசவைத்தார். சில குழுக்களுக்கு மனம் திறந்து பேசவைக்கும் கேள்விகள், சில குழுக்களுக்கு ஒப்புக்குப் பேசும் கேள்விகள். மனம்விட்டுப் பேசியவர்கள் எதிர் ஜோடியோடு நெருங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்கள் தங்கள் இணையோடும் முன்பைவிட நெருக்கமாக உணர்ந்தார்கள். வீட்டில் தினமும் கேட்டுச் சலித்த குரல்தான். அந்நியருக்கு எதிரில் அது வேறு எதையோ சொல்லியிருக்கிறது.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் முகூர்த்த நாளன்று காலையில் நின்றால், இதையெல்லாம் ஆய்வில்லாமலே பார்க்கலாம். ஒரே பிராகாரத்தில் வரிசையாகக் கலசங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தம்பதி. அறுபதுக்காரர்கள், எழுபதுக்காரர்கள், சதாபிஷேகத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்த எண்பதுக்காரர்கள். ஏற்பாடு, செலவு, புகைப்படக்காரர் எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. பிள்ளைகளால் செய்ய முடியாத காரியம் ஒன்றுதான். முதல் கல்யாணத்துக்கு அவர்கள் வந்திருக்க முடியாது. அதனால் கலசநீர் ஊற்றி, தலை சொட்டச் சொட்ட மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி முடிந்ததும், கூட்டம் அந்தப் பழைய நண்பரைச் சுற்றித்தான் சேர்கிறது. கல்யாண ஊர்வலக் கார் நடுத்தெருவில் நின்றுபோய், தானும் இன்னும் மூன்று பேரும் பிள்ளையார் கோயில் வரை தள்ளிய கதையை அவர் ஆரம்பிக்கிறார். பேரன் பேத்திகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

"பழைய அம்பாசிடர், இரும்பு கனம் கனக்கும்…"

"பியட்!" என்று மணமக்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். நண்பர் ஒத்துக்கொள்வதாக இல்லை. தள்ளியது தானாயிற்றே என்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்தது நாங்களாயிற்றே என்கிறார் மணமகள். பந்திக்குக் கூப்பிட்டாயிற்று, இரண்டு முறை. வேன் டிரைவர் வேறு வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்.