எட்டு நாள் காத்திருந்தவர்

புனித தோமையாரைச் ‘சந்தேகத் தோமா’ என்று சொல்லியே பழகிவிட்டோம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அந்தப் பட்டப்பெயர் அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். உயிர்த்த இயேசு சீடர்களுக்குக் காட்சி கொடுத்த அந்த மாலையில் தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆணி பாய்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், அதுவரை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்து வருவதைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தபோது, அதே ஆட்களோடு தோமாவும் இருந்தார்.

அந்த எட்டு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பூரிப்பில் இருக்கிறார்கள். இவர் ஒருவருக்கு மட்டும் உள்ளே வெறுமை. எழுந்து தன் ஊருக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நம்பிவிட்டதாக நடித்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. பதில் கிடைக்காத மனத்தோடு அவர்கள் நடுவிலேயே இருந்தார். பூட்டிய கதவுக்குள் வந்து நின்ற ஆண்டவர் முதலில் சொன்னது சமாதான வாழ்த்து. தோமா நம்பிய பிறகு கிடைத்த வாழ்த்து அல்ல அது. நம்பாமல் உட்கார்ந்திருந்தபோதே அவர் காதில் விழுந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓவியர்கள் பலரும் தோமா விரலை நீட்டித் தொடுவதாகவே வரைகிறார்கள். அவர் தொட்டார் என்று நற்செய்தியில் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தத் தோமா நம் பக்கத்து மலைக்காரர். கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டியதும் பரங்கிமலை. தினமும் அந்த ஸ்டேஷனைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த மலையின் படிகளில் கால் வைத்திருப்போம்? மலை என்று பெயரே தவிர, உயரம் சுமார் 300 அடிதான். படிகளை அமைத்துக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726-இல் முதல் பாலம் கட்டியவரும் அவர்தான். அந்நிய நாட்டில் பிழைக்க வந்து சம்பாதித்த பணத்தை, மற்றவர்கள் ஆற்றைக் கடக்கவும் மலை ஏறவும் செலவழித்த அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

மேலே இருக்கும் கோயில் சிறியது. 1523-இல் போர்ச்சுகீசியர்கள் எழுப்பியது. பீடத்தில் ஒரு கற்சிலுவை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547-இல் அந்த மலையில் தோண்டும்போது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாகச் சில எழுத்துகள். தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை. பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யாரோ இங்கே ஜெபித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. அருகில் போய் நின்றால் உளி பட்ட தடம் தெரியும்.

கோயில் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் தொட்டது. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய மரியாள் அல்ல, பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் நிறைமாத மரியாள். திருவிழா டிசம்பர் 18, கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரம் முன்பு. காத்திருந்த சீடர் இறந்த மலையில் காத்திருக்கும் தாய்க்குக் கோயில். யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்க முடியாது.

அங்கே போனால் சத்தமே இருக்காது என்று நினைத்துப் போகாதீர்கள். மலையிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கம் ஓடுதளம் தெரிகிறது. விமானம் எழும்பும் இரைச்சல் கோயிலுக்குள்ளும் வரும். கீழே ரயில் போகும், ஜி.எஸ்.டி. சாலை ஹாரன் கேட்கும். ஒரு வார நாள் மதியம் கடைசி பெஞ்சில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஜெபப் புத்தகம் எதுவும் கையில் இல்லை, உதடும் அசையவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்த ஓர் அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, காற்றில் அணையாமல் இரு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளையின் தேர்வு முடிவு, வேலை பற்றிய ஒரு போன், பேசாமல் போன உறவு என்று ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறவர்கள்தான் இங்கே ஏறி வருகிறார்கள். வீட்டில் அந்தக் காத்திருப்பு நம்மைத் தின்கிறது. இங்கே இந்தச் சிறிய கூரைக்குக் கீழே, பல நூறு ஆண்டுகள் மனிதர்கள் காத்திருந்த இடத்தில், அதே காத்திருப்பு ஜெபமாகிவிடுகிறது.

சாந்தோம் பேராலயத்தில் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி உண்டு. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோயில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. 155 அடிக் கோபுரம், வண்ணக் கண்ணாடி வழியாக வந்து தரையில் விழும் வெளிச்சம், தாமரை மேல் நிற்கும் கிறிஸ்து, இருபுறமும் மயில்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே நிமிர்கிறது. குனிந்தே நாளைக் கழிக்கும் நமக்கு அதுவே ஒரு விடுதலை. தோமையாரின் கல்லறை இந்தக் கோயிலுக்குக் கீழே இருக்கிறது.

இந்தக் கோயில் எழுவதற்கு முன்பு, பழைய கோயில் இருந்த நாளில், 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். வேலை இல்லாமல் வந்தவர் அல்ல. முத்துக்குளித்துறையில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் களைத்த மனிதர். அடுத்து எங்கே போவது, கிழக்கே மலாக்கா பக்கம் போகலாமா வேண்டாமா என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஓடியாடி உழைத்தே பழகிய அவர், தோமையாரின் கல்லறை அருகே சுமார் நான்கு மாதம் தங்கி ஜெபித்தார். மனம் தெளிந்த பிறகுதான் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் அவ்வளவு வேலையை வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஒரே இடத்தில் தங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுத்தது தோமாவின் பக்கத்தில் இருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாம் கோயிலுக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் வேண்டுதலை ஒப்பித்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அப்படிப் போவதில் தவறில்லை. ஆனால் அமைதி தேடிப் போகிறவருக்கு அது போதாது. முதல் பத்து நிமிடம் வீட்டுக் கணக்கும் ஆபீஸ் சண்டையும்தான் மனத்தில் ஓடும். அதற்காக எழுந்து வந்துவிடக் கூடாது. அவற்றையும் வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராவது நமக்கே தெரியும். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அங்கே உங்களை யாரும் எந்த மதம் என்று கேட்பதில்லை.

இந்த வாரம் ஒரு நாள், திருப்பலி இல்லாத நேரமாகப் பார்த்து, பரங்கிமலையில் இறங்குங்கள். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். மனத்தில் கேள்வி இருந்தால் அதை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டாம், கூடவே கொண்டு போங்கள். பதில் கிடைக்காமல் இறங்கி வந்தால், அடுத்த வாரம் மறுபடி போங்கள்.