தகுதி பாராத காவல்

எழுதப்பட்டதையெல்லாம் காப்பாற்ற வேண்டுமா, தகுதியுடையதை மட்டும் காப்பாற்றினால் போதுமா என்னும் கேள்வி, பார்வைக்கு நூலகத்தாரின் நிர்வாகப் பிரச்சினையாகத் தோன்றினாலும், உண்மையில் தர்மத்தைப் பற்றிய கேள்வியே ஆகும். ஒருவனுடைய வாக்கை அழிக்க இன்னொருவனுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கத் தொடங்கினால், அலமாரியில் இடமில்லை என்ற பதில் செல்லாது.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்னும் யூத ஆலயம் இருக்கிறது. இறைவனின் திருநாமம் எழுதிய ஏட்டை அழிக்கலாகாது என்பது யூதர்களின் ஆசாரமாதலால், பழுதுபட்ட ஏடுகளைக் கெனிசா என்னும் அறையில் போட்டு வைப்பார்கள்; அந்த ஆலயத்திலோ, திருநாமம் இருக்கிறதா என்றுகூட ஆராயாமல், கடிதம், கணக்கு, கடன் பத்திரம் யாவற்றையும் பல நூற்றாண்டுகளாக அங்கே சேர்த்து வந்தார்கள். 1896ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர், ஆலயத்தாரின் சம்மதத்துடன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திற்குக் கொண்டுவந்த துண்டுகள் ஏறக்குறைய 1,93,000. மகாஞானியான மைமோனிடீஸ் தம் கைப்பட எழுதித் திருத்திய ஏடுகள் கிடைத்த அதே குவியலில், வண்ணம் தீட்டிய பெரிய எழுத்துகள் கொண்ட அரிச்சுவடி ஒன்றும், எழுதிப் பழகிய பிள்ளைகளின் கோணல் கையெழுத்துகளும் இருந்தன. விவரமறிந்த நூலகர் ஒருவர் அந்த அறைக்குப் பொறுப்பேற்றிருந்தால், ஞானியின் ஏட்டைப் பத்திரப்படுத்திவிட்டுப் பிள்ளையின் கிறுக்கலைக் குப்பையில் சேர்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படித் தகுதி பார்த்துக் கழிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. நம் கல்லூரிகளில் முதுகலை மாணவர் சமர்ப்பிக்கும் ஆய்வேட்டின் கதி நாம் அறிந்ததே: கனத்த அட்டை, பொன்னெழுத்து, நெறியாளருக்கு ஒரு பக்கம் நன்றி, துறை அலமாரியில் சில வருஷம், பிறகு பழைய பேப்பர் கடைத் தராசு. முனைவர் பட்ட ஆய்வேட்டிற்கோ 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு நற்கதி காட்டியது. மின்வடிவிலும் அதைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று அக்குழு விதித்ததன் பயனாக, காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன.

ஆனால் கெனிசாவின் ஏடுகள் எகிப்தின் வறண்ட காற்றில், எவரும் திரும்பிப் பாராமலே பிழைத்திருந்தன. மின்கோப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்பை, அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்: ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த பிதற்றலாக விரியும்; பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஓலை செல்லுக்கு இரையாகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய நம் முன்னோரின் ஓயாத கைங்கரியம் இங்கே மீண்டும் கடமையாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் என்னும் திட்டம், ஒரே கோப்பின் பிரதிகளைப் பல நூலகங்களில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிதைந்ததைச் செவ்வையான பிரதியைக் கொண்டு திருத்துகிறது. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் திருத்தும் சுவடிப் பதிப்பாசிரியர் எவரும் இதைக் கண்டு ஆச்சரியப்படமாட்டார்.

இனி, எழுதியவன் அல்லது பேசியவனுடைய விருப்பம் என்ன என்பதையும் கேட்க வேண்டும். கெய்ரோப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை; ஆயிரம் வருஷத்திற்குப் பின் அதனால் ஒரு தீங்குமில்லை. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் பல, மாணவர்களின் நாட்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தனவே, அவற்றில் பேசியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பத்தொன்பது வயதில், துக்கத்தின் நடுவே ஒப்புதல் பத்திரத்தில் இட்ட கையெழுத்து ஆயுள் முழுவதற்கும் சம்மதமாகிவிடுமா? கெனிசா ஏட்டைக் காத்ததே அல்லாமல், ஊருக்குக் காட்டவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். காப்பது நூலகத்தின் தர்மம், திறப்பது பேசியவனின் உரிமை என்று பிரித்துக்கொள்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே சில வருஷங்களுக்கு ஒருமுறை நூலகம் அவனை மறுபடி கேட்கட்டும், அவன் வேண்டாமென்றால் கோப்பை அழிக்காமல் பூட்டி வைக்கட்டும்.